பதினான்கு கம்ப்யூட்டரும் ஒரு மெயிலும்: மாங்கூழ் ஆலைத் தம்பிக்குப் பதில்

கிருஷ்ணகிரி பக்கத்தில் மாங்கூழ் ஆலை நடத்தும் ஒரு தம்பி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. பி.காம். முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். அப்பா காலமான பிறகு அண்ணனுக்குத் துணையாக ஊருக்குத் திரும்பியிருக்கிறார். ஆலை இருவர் பெயரிலும் உள்ள பார்ட்னர்ஷிப் நிறுவனம். மொத்தம் 14 கம்ப்யூட்டர்: அலுவலகத்தில் ஆறு, எடைமேடையில் ஒன்று, ஆய்வகத்தில் இரண்டு, ஸ்டோரில் ஒன்று, கேட்டில் ஒன்று, ஏற்றுமதி வேலைக்கு இரண்டு, அண்ணனின் லேப்டாப் ஒன்று. லேப்டாப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸை உள்ளூர் சர்வீஸ்காரர் ஒருவர் தலா 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தாராம்.

ஒன்பது நாளுக்கு முன் ஆலையின் மெயிலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் நிறுவனத்தில் எத்தனை கம்ப்யூட்டர், எந்தெந்த மென்பொருள், அவற்றுக்கு உரிமம் உண்டா என்று 15 நாளுக்குள் பட்டியல் தர வேண்டும் என்கிறது. இரண்டு முறை போனும் வந்திருக்கிறது. "ஊர்ல யாரு காசு கொடுத்து வாங்கறாங்க? மெயிலை அழிச்சிடு" என்கிறார் அண்ணன். "ஆன்லைன்ல 400 ரூபாய்க்கு லைஃப்டைம் கீ வாங்கித் தர்றேன்" என்கிறார் சர்வீஸ்காரர். தம்பியின் திட்டம் வேறு. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 14 மெஷினிலும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருளைப் போட்டு, "நாங்கள் பயன்படுத்துவது இலவச மென்பொருள் மட்டுமே" என்று பதில் அனுப்பிவிட வேண்டும். 22 வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளை, "எக்செல் இல்லைன்னா சீசன் கணக்கு போட முடியாது, ஜிஎஸ்டியும் ஓடாது" என்று சொல்லிவிட்டார். எடைமேடைச் சீட்டிலிருந்து விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை வரை கணக்குப் போடும் ஒரு எக்செல் ஃபைல் இருக்கிறது. அதன் மேக்ரோவை, அதாவது கணக்கைத் தானாகச் செய்யும் நிரலை, எழுதியவர் வேலையை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. "நாங்கள் ஜெயிலுக்குப் போவோமா அக்கா?" என்று கடிதம் முடிகிறது.

தம்பி, என்னை அக்கா என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் நேராகவே பேசுகிறேன். லிப்ரே ஆபிஸுக்கு மாறுவது நல்ல முடிவு. நான் வழக்கறிஞர்; என் அலுவலகத்தில் பல வருடமாக அதுதான் ஓடுகிறது. ஆனால் நீங்கள் அதை எடுக்க நினைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் எழுத நினைக்கும் அந்த ஒரு வரியும் தவறு. மாறுவது ஒரு வேலை. நடந்ததற்குப் பொறுப்பேற்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கட்டி முடிக்கப் பார்க்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

முதலில் அந்த மெயில்

அது உண்மையான மெயில்தானா என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனங்களும் அவர்கள் நியமித்த ஏஜென்ட்டுகளும் இப்படி எழுதுவது உண்டு. அதே வேடத்தில் மோசடிக்காரர்களும் எழுதுகிறார்கள். அனுப்பியவரின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். "உங்கள் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்கும் கருவி" என்று எதையாவது அனுப்பியிருந்தால் நிறுவ வேண்டாம். போனில் எந்தத் தகவலும் தர வேண்டாம்; "எழுத்தில் அனுப்புங்கள், எங்கள் வழக்கறிஞர் பதில் தருவார்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையான ஆளாக இருந்தால், உரிமையாளர் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டால் தருவார்.

உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பட்டியல் கொடுத்தே ஆக வேண்டுமா? அந்த நிறுவனத்தோடு உங்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. மொத்தமாக உரிமம் வாங்குகிறவர்களின் ஒப்பந்தத்தில் தணிக்கைக்கு இடம் கொடுக்கும் நிபந்தனை இருக்கும். நீங்கள் அப்படி எதையும் வாங்கவில்லை. அதனால் ஒரு மெயில் கேட்டதற்காக மட்டும் கணக்கு ஒப்பிக்கும் சட்டக் கடமை இல்லை. ஆனால் அண்ணன் சொல்வது போல அழித்துவிட்டு இருந்தால் விஷயம் முடிந்துவிடாது. மெயிலுக்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் வரலாம், வழக்கும் வரலாம். கிருஷ்ணகிரியில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழி தருகிறது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சில வரம்புகள் வகுத்தது. அப்படியிருந்தும், மா சீசன் நடுவில் டெல்லி நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிய நிலை உங்களுக்கு வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முன்னறிவிப்பு இல்லாமலே ஒரு ஆணையரை நீதிமன்றம் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி, கம்ப்யூட்டர்களில் என்ன இருக்கிறது என்று பதிவு செய்யச் சொல்லவும் முடியும்.

இப்போது நீங்கள் எழுத நினைத்த வரிக்கு வருகிறேன். "நாங்கள் பயன்படுத்துவது இலவச மென்பொருள் மட்டுமே." அடுத்த திங்கட்கிழமை அது எழுத்தளவில் உண்மையாகலாம். ஆனால் படிப்பவர் எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே எழுதுகிறீர்கள்? அழித்தால் தடயமே இருக்காது என்று நினைக்காதீர்கள். சர்வீஸ்காரருக்குத் தெரியும், 14 பேருக்குத் தெரியும். வாங்குபவருக்கு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு எக்செல் ஃபைலிலும் எந்த மென்பொருளில் உருவானது என்ற குறிப்பு உட்கார்ந்திருக்கும். இன்று உங்கள் நிலை, விவரம் தெரியாமல் சர்வீஸ்காரரை நம்பிய ஒரு சிறு ஆலையின் நிலை. அந்த வரியை அனுப்பிய பிறகு, தெரிந்தே மறைத்த நிறுவனத்தின் நிலை. முதல் நிலையில் உங்களுக்காக வாதாட எனக்கு நிறைய இருக்கிறது. இரண்டாவதில் ரொம்பக் குறைவு.

சரி, என்ன செய்யலாம்? 14 மெஷினையும் உள்ளபடியே பட்டியலிடுங்கள். எந்த மென்பொருள், எந்த வருடப் பதிப்பு, யார் போட்டது, எப்போது, பில் உண்டா இல்லையா. இது மெயில் அனுப்பியவருக்கு அல்ல, உங்கள் வழக்கறிஞருக்கு. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். பட்டியல் முடிந்த பிறகு, உரிமம் இல்லாததை இனி பயன்படுத்த வேண்டாம். எந்தத் தேதியில் எந்த மெஷினிலிருந்து எடுத்தோம் என்று குறித்துவைத்துக்கொண்டு எடுங்கள். தொடர்ந்து பயன்படுத்துவதும் குற்றம்தான், அதனால் எடுக்கத்தான் வேண்டும். எதுவுமே இருந்ததில்லை என்று காட்டுவதற்காக எடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். மெயிலுக்கு, "கடிதம் கிடைத்தது, எங்கள் பயன்பாட்டைச் சரிபார்த்து வருகிறோம், வழக்கறிஞர் மூலம் தொடர்புகொள்வோம்" என்ற அளவில் இரண்டு வரி போதும்.

ஜெயிலைப் பற்றிய உங்கள் கேள்வி

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் ப்ரோகிராமும் ஒரு இலக்கியப் படைப்பாகவே கணக்கிடப்படுகிறது. உங்களுக்கு நேராகப் பொருந்துவது 63-பி பிரிவு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவர்களுக்குச் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆலை நடத்தும் உங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நிறுவனம் குற்றம் செய்தால் அதை நடத்துகிறவரும் பொறுப்பு என்பது 69-ஆம் பிரிவு. பார்ட்னர்ஷிப் நிறுவனத்தையும் அது சேர்த்தே சொல்கிறது. 63-ஆம் பிரிவின் கீழ் வரும் பதிப்புரிமை மீறல், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட வேண்டிய கட்டாயம் இல்லாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "ஊரே போடுது" என்பது எதிர்வாதம் ஆகாது.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட விவகாரங்கள் பெரும்பாலும் பேச்சுவார்த்தையில், தேவையான உரிமங்களை வாங்குவதிலும் ஒரு தொகையிலும் முடிகின்றன. 63-பி-யில் எல்லாம் சுற்றி நிற்பது 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லை. 500 ரூபாய்க்கு முழு ஆபிஸ் கிடைக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்த் தரப்பு வாதாடும். மெயில் வந்த நாளுக்குப் பிறகும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அந்த வாதம் இன்னும் பலப்படும். உங்களிடம் இருக்கும் நேரத்தை அதனால்தான் மதிக்கச் சொல்கிறேன்.

சர்வீஸ்காரரின் 400 ரூபாய் கீயை வாங்காதீர்கள். அது ஒரு எண் மட்டும்தான், உரிமம் ஆகாது. பெரிய நிறுவனங்களின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்ததாகவோ, ஒருவருக்குத் தந்ததைப் பலருக்கு விற்றதாகவோ இருக்கும். உரிமம் வாங்கினால் உங்கள் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் வர வேண்டும். வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளவும் அது உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அண்ணனின் லேப்டாப்பில் வாங்கும்போதே ஆபிஸ் இருந்தது, அதனால் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். அது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உரிமம். ஆலையின் கொட்டேஷனை அதில் அடித்தால் அதுவும் மீறல்தான். அப்புறம் விண்டோஸ்? கணக்கு எழுதும் டாலி? கடிதம் முழுக்க ஆபிஸைப் பற்றித்தான் இருக்கிறது. அதே சர்வீஸ்காரர் அதே பென்டிரைவிலிருந்து விண்டோஸையும் போட்டிருந்தால் லிப்ரே ஆபிஸுக்கு மாறிய பிறகும் பாதி பிரச்சினை அப்படியே நிற்கும். பட்டியலில் அவற்றையும் சேருங்கள்.

இன்னொரு ஆபத்தைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே இருந்து சொல்கிறேன். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, ஆபிஸைப் போடும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். கூடவே எது உள்ளே வந்தது என்று போட்டவருக்கே தெரியாது. என்னிடம் வந்த ஒரு கிரானைட் ஏற்றுமதியாளரின் இன்வாய்ஸ், வெளிநாட்டு வாடிக்கையாளரைச் சேர்ந்தபோது அதில் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தது. பணம் யாருக்கோ போய்விட்டது. அவருடைய கம்ப்யூட்டரில் மெயிலை வேவு பார்க்கும் ப்ரோகிராம் இருந்தது. அது எந்த வழியில் நுழைந்தது என்று கடைசி வரை நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அந்த மெஷினில் இருந்தது எல்லாமே கிராக். உங்கள் ஏற்றுமதி மெஷின்கள் இரண்டையும் முதலில் சுத்தம் செய்து, அதற்குப் பிறகு மெயில், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

லிப்ரே ஆபிஸ்: இலவசம் என்பதன் பொருள்

"இலவசம் என்றால் வீட்டுக்குத்தானே, தொழிலுக்குப் பயன்படுத்தினால் பின்னால் பில் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. ஜெர்மனியில் ஸ்டார் ஆபிஸ் என்ற பெயரில் தொடங்கியது இது. 1999-ல் சன் நிறுவனம் அதை வாங்கி, அதன் மூல நிரலை ஓபன் ஆபிஸ் என்று வெளியிட்டது. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனபோது, அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். பெர்லினில் உள்ள டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. அதன் உரிமம் மோசில்லா பொது உரிமம். வீடு, பள்ளி, ஆலை என்ற பாகுபாடு அதில் கிடையாது. 14 மெஷினில் போடலாம், 1,400 மெஷினில் போடலாம். நிரலையே மாற்றி வெளியாருக்குக் கொடுத்தால்தான் சில நிபந்தனைகள் வரும். நீங்கள் அதைச் செய்யப்போவதில்லை.

இதை விலையில்லாத மற்ற மென்பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டபிள்யூபிஎஸ் ஆபிஸும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அது திறமூலம் இல்லை, அதாவது அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்காது. அதன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கானது. சோஹோ நம் ஊர் நிறுவனம், நல்ல பொருள், அதுவும் திறமூலம் இல்லை. கோப்புகள் இணையத்தில் இருக்கும். நெட் அடிக்கடி போகும் ஆலையில் எடைமேடையை அதை நம்பி வைக்க முடியாது. ஓபன் ஆபிஸ் என்ற பழைய பெயரிலும் இன்னும் ஒன்று இருக்கிறது, அதில் வளர்ச்சி நின்றுபோன மாதிரிதான். லிப்ரே ஆபிஸையே, அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். அதைப் போடுவது யார் வேலை என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இது பரிசோதனைக்கூடச் சரக்கும் இல்லை. நம் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் பொறுப்பில் இருந்த காலத்தில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறியது. 2015-ல் மத்திய அரசு, தன் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கையே வெளியிட்டது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசு கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக 2024-ல் அறிவித்தது. அதே ஜெர்மனியின் முனிச் நகராட்சி பல வருடம் லினக்ஸில் இருந்துவிட்டு 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. காரணம் அரசியலா, மென்பொருளா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அத்தனை பணமும் ஆளும் உள்ள ஒரு நகரமே தடுமாறிய வேலையை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த மெஷினுக்கு எது

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பிரித்து எடுப்போம்.

ஜிஎஸ்டியில் மாதாந்திர ரிட்டர்னுக்கான ஃபைலை டாலியே தயாரித்துக் கொடுத்துவிடும், அதற்கு எக்செல் தேவையில்லை. டாலியிலிருந்து எக்செல் வடிவில் எடுக்கும் அறிக்கைகளை, எக்செலுக்கு இணையாக லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க் திறந்துவிடும். பி.எஃப். மாதக் கணக்கு வெறும் எழுத்துக் கோப்பு. இ.எஸ்.ஐ. பழைய எக்செல் வடிவில் கேட்கிறது. கால்க்கில் அந்த வடிவிலேயே சேமிக்கலாம். டி.டி.எஸ். ரிட்டர்ன் தயாரிக்கும் அரசு மென்பொருள் ஜாவாவில் ஓடுவது. ஆனால் வருடாந்திர ஜிஎஸ்டிஆர்-9-க்கான ஆஃப்லைன் கருவி மேக்ரோ நிறைந்த எக்செல் ஃபைல். அது கால்க்கில் ஒழுங்காக ஓடாது. வருமான வரி எக்செல் கருவிகளும், மேக்ரோ வைத்த சில வங்கிப் படிவங்களும் அப்படித்தான். ஆகவே கணக்குப்பிள்ளையின் மெஷினுக்கு ஒரு அசல் எக்செல் உரிமம் வாங்கிக் கொடுங்கள். ஆடிட்டர் அலுவலகமே அந்த வேலையைச் செய்கிறது என்றால் அதுவும் தேவைப்படாமல் போகலாம், அவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏற்றுமதி மெஷின்களில் ஒன்றுக்கும் உரிமம் வாங்கலாம் என்பது என் எண்ணம். வாங்குபவர் அனுப்பும் விவரத்தாள்கள், திருத்தங்களோடு போய் வரும் ஒப்பந்தங்கள் இவற்றை லிப்ரே ஆபிஸில் திறந்து மூடும்போது சில சமயம் பக்க அமைப்பு நகர்ந்துவிடும். ஒரு கன்டெய்னர் பணம் தொங்கும் ஒப்பந்தத்தில் அந்தச் சிக்கல் வேண்டாம். வெளியே போகும் இறுதி ஆவணங்கள் எல்லாம் பிடிஎஃப்-ஆகப் போகட்டும். லிப்ரே ஆபிஸ் அதை நன்றாகவே செய்யும். நீதிமன்ற இ-ஃபைலிங்குக்கு நான் தினமும் அப்படித்தான் எடுக்கிறேன்.

கேட், ஸ்டோர், ஆய்வகம் இரண்டு, அலுவலகத்தில் கடிதமும் சம்பளப் பட்டியலும் அடிக்கும் மெஷின்கள், இவையெல்லாம் இந்த மாதமே மாறலாம். பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவு, அமிலத்தன்மை, டிரம் எண் எழுதும் தாளுக்கு எந்த எக்செலும் வேண்டாம். எக்செலில் பழகிய விலூக்அப், சம்இஃப், பிவட் டேபிள் எல்லாம் கால்க்கில் உண்டு. அண்ணனின் லேப்டாப்பில் ஆலை வேலைக்கு லிப்ரே ஆபிஸைப் போட்டுவிட்டால் அந்த ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் சிக்கலும் தீரும். பழைய மெஷின்களில் விண்டோஸ் 10 இருந்தால் அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கேட், ஸ்டோர் போன்ற டாலி இல்லாத மெஷின்களில் லினக்ஸைப் போட்டுப் பார்க்க அது ஒரு நல்ல சந்தர்ப்பம். டாலி ஓடும் மெஷினை விண்டோஸிலேயே விடுங்கள், அசல் உரிமத்தோடு.

எடைமேடை தனிக் கதை. ஒரு லோடு பெங்களூரா மாங்காய் வந்தால் வண்டி எடை, காலி எடை, அழுகல் கழிவு, டன் விலை, முன்பணக் கழிவு, கடைசியில் வங்கிக்குப் போகும் பட்டியல் என்று எல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. எழுதியவர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எக்செலில் எழுதிய மேக்ரோவை லிப்ரே ஆபிஸ் ஓரளவுதான் புரிந்துகொள்ளும்; சில பட்டன்கள் வேலை செய்யும், சில செய்யாது. அதைவிட மோசம், ஒரு பட்டன் வேலை செய்து தவறான தொகையைக் காட்டுவது. விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கும் விவசாயியிடம் டன்னுக்கு இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் மாற்றினோம் என்று சொல்ல முடியுமா? அடுத்த லோடு வேறு ஆலைக்குப் போய்விடும். அதற்கு மேலாக, அது அவர் ஒரு வருட உழைப்பின் கூலி.

ஆகவே எடைமேடை மெஷினுக்கு இந்த சீசனுக்கு அசல் எக்செல். மே கடைசியில் ஆலை ஓட ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை அந்த மெஷினில் யாரும் கை வைக்கக் கூடாது. சீசன் முடிந்த பிறகு, அந்த ஃபைல் செய்யும் கணக்கை முதலில் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைக் கழிக்கிறது, எங்கே முழுமையாக்குகிறது என்று. அந்தத் தாளை வைத்து மேக்ரோவே இல்லாமல் கால்க்கில் புதிதாகக் கட்டுங்கள். இந்த வருடத்துச் சீட்டுகளை அதில் போட்டு இரண்டு விடையும் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அடுத்த வருடம் மாறலாம். நாளைக்கு இன்னொருவர் வேலையை விட்டுப் போனாலும் அந்தத் தாள் உங்களிடம் இருக்கும். மாறாமலே இருந்தாலும் அந்தத் தாளை எழுதத்தான் வேண்டியிருந்தது.

கணக்குப் பார்த்தால், 14-ல் மூன்று மெஷினுக்கு உரிமம். மீதி பதினொன்றுக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் சிறு தொகையை லிப்ரே ஆபிஸ் அறக்கட்டளைக்கு நன்கொடையாக அனுப்புங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், அனுப்பினால் எனக்குச் சந்தோஷம்.

தமிழ்க் கோப்புகள்

இதில் நான் பட்டது உண்டு. மாறிய புதிதில், பழைய கிரைய ஒப்பந்த வரைவு ஒன்றைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும். குற்றம் லிப்ரே ஆபிஸுடையது இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டுகளில் அடித்தவை, எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் இல்லை; அந்த ஃபான்ட் இல்லாத எந்த மெஷினிலும் அவை குப்பையாகத்தான் தெரியும். உங்கள் ஆலையிலும் தொழிலாளர் அறிவிப்புகள், விவசாயி ஒப்பந்தங்கள் அப்படி இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுவிட்டது, இன்னும் பழையதைச் சுமக்க வேண்டாம். ஒப்பந்தங்களை மாற்றிய பிறகு எண்களையும் பெயர்களையும் கண்ணால் ஒரு முறை சரிபாருங்கள்.

இன்னொன்று, லிப்ரே ஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட்டும் தமிழ், இந்தி போன்ற மொழிகளுக்குத் தனியாக ஒரு ஃபான்ட்டும் வைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவதை சி.டி.எல். என்று குறித்திருக்கும். இது தெரியாமல் "அளவைக் கூட்டினாலும் தமிழ் பெரிதாகவில்லை" என்று என் ஜூனியர் ஒரு வாரம் திண்டாடினார். எல்லா மெஷினிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரே இலவச ஃபான்ட்டை வைத்துவிட்டால் பக்க அமைப்பும் இடத்துக்கு இடம் மாறாது.

கணக்குப்பிள்ளை

அவரை மாற்றத்துக்குத் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 22 வருடம் விரல் பழகிய இடத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலை கேட்டால், 50 வயதைக் கடந்த யாருக்கும் கோபம் வரும். அது பயமும்கூட. சீசனில் ஒரு தொகை தப்பானால் விவசாயி உங்களைக் கேட்கமாட்டார், அவரைத்தான் கேட்பார். எது ஓடும், எது ஓடாது என்ற பட்டியலை அவரையே தயாரிக்கச் சொல்லுங்கள். அவர் மேஜையில் எக்செலும் இருக்கட்டும், பக்கத்தில் லிப்ரே ஆபிஸும் இருக்கட்டும். மேல் பட்டையை எக்செல் போலவே மாற்றிக்கொள்ளவும், கோப்புகளை எப்போதும் எக்செல், வேர்ட் வடிவிலேயே சேமிக்கவும் அமைப்பில் வழி இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்து கொடுங்கள். சின்னப் பையன்கள் முன்னால் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.

மாற்றும் முன் எல்லா மெஷினிலிருந்தும் தரவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒன்றை ஆலைக்கு வெளியே வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கோப்பு திறக்கவில்லை என்பதை அதிகாரி ஏற்கமாட்டார்.

15 நாளில் ஒன்பது போய்விட்டது. தபாலில் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு நேரிலும் தகவல் அனுப்பியிருக்கிறேன். இன்றும் நாளையும் பட்டியலை முடியுங்கள். மெயிலை அழிக்காமல் அச்செடுங்கள், போன் வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள், சர்வீஸ்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் தேடுங்கள். உங்கள் குடும்ப வழக்கறிஞரிடமோ, கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் இந்த வகை வழக்கு பார்க்கும் ஒருவரிடமோ எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள். அவரும் பார்ட்னர், அவருடைய கையெழுத்தும் தேவைப்படும்.